வெற்றிடமானியும் வாயுவின் இனமும்

வெற்றிடம் என்னும் சொல்லைக் கேட்டவுடன், ஒன்றுமே இல்லாத இடம் என்று நாம் பொருள் கொள்கின்றோம். விஞ்ஞானிகள் அச்சொல்லை ஆளும் முறை வேறு. ஒரு கலத்தினுள் உள்ள காற்றைப் பம்பினால் வெளியேற்றி, உள்ளிருக்கும் அழுத்தத்தை வெளிக்காற்றின் அழுத்தத்திற்குக் கீழே கொண்டுவந்துவிட்டால், அந்நிலையை அவர்கள் வெற்றிடம் என்பர். எவ்வளவு முயன்றாலும் அக்கலம் முற்றும் வெறுமையாகிவிடுவதில்லை. நம்மைச் சூழ்ந்திருக்கும் காற்றில், ஒரு கன சென்டிமீட்டர் இடத்தில், 25 என்னும் எண்ணை அடுத்து 18 சுழிகளை இட்டால் எத்தனையோ, ஏறத்தாழ அத்தனை மூலக்கூறுகள் அடங்கியுள்ளன. ஆய்வுக்கூடங்களில் நல்ல வெற்றிடம் என்று பாராட்டப்படும் நிலையிலும், அதே ஒரு கன சென்டிமீட்டரில் 300 கோடி மூலக்கூறுகள் எஞ்சி நிற்கக் கூடும். ஆகவே, "இது வெற்றிடமா, அன்றா?" என்று கேட்பதில் பயனில்லை. "எவ்வளவு வெற்றிடம்?" என்றே கேட்டல் வேண்டும்.

இக்கேள்விக்கு விடை கூறும் கருவியே வெற்றிடமானி. மின்விளக்கு செய்வோருக்கும், மூக்குக் கண்ணாடியின்மேல் மெல்லிய பூச்சு இடுவோருக்கும், கணிப்பொறிக்கு உரிய சில்லுகளை ஆக்குவோருக்கும், தடுப்பு மருந்தை உறையவைத்து உலர்த்துவோருக்கும், அணுவின் நுண்துகள்களை விரைந்தோடச் செய்து ஆராய்வோருக்கும் இக்கருவி இன்றியமையாதது. இவர்கள் அனைவரும் மானியின் முகப்பில் தோன்றும் எண்ணைப் பார்த்தே தம் வேலையைத் தொடங்குகின்றனர். அதைப் பார்த்தே நிறுத்துகின்றனர்.

அந்த எண்ணை அப்படியே நம்பிவிடலாமா? கலத்தினுள் இருப்பது இன்ன வாயு என்று அறியாமல் நம்பலாகாது. உண்மையான அழுத்தம் ஒன்றாகவே இருக்க, உள்ளே நைட்ரஜன் இருந்தால் 100 என்றும், ஹைட்ரஜன் இருந்தால் 200 என்றும், ஆர்கான் இருந்தால் 60 என்றும் கூறும் மானி உண்டு. இம்மானி பழுதுபட்ட மானி அன்று. நன்றாக வேலை செய்யும் மானிதான். அவ்வாறாயின் இவ்வேறுபாடு எங்கிருந்து வருகின்றது? அதனால் விளையும் கேடு யாது? அதனைக் கொண்டே நன்மை பெற இயலுமா? இவற்றை இனி ஆராய்வோம்.

முதலில், அழுத்தம் என்பது யாது என்பதை நினைவுகூர்வோம். வாயுவின் மூலக்கூறுகள் ஓயாது ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை கலத்தின் சுவரில் மோதித் திரும்புகின்றன. அம்மோதல்கள் யாவும் சேர்ந்து சுவரின் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மேல் செலுத்தும் விசையே அழுத்தமாகும். இங்கு ஒரு வியப்பான செய்தி உண்டு. அறையின் வெப்பநிலையில் ஹைட்ரஜன் மூலக்கூறு சராசரியாக ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 1,800 மீட்டர் வேகத்தில் ஓடுகின்றது. நைட்ரஜன் மூலக்கூறின் வேகம் ஏறத்தாழ 475 மீட்டர். ஆர்கான் அணுவின் வேகம் ஏறத்தாழ 400 மீட்டர். இலேசானது விரைந்து ஓடி, அடிக்கடி, ஆனால் மெல்ல மோதுகின்றது. கனமானது மெதுவாக ஓடி, எப்போதேனும், ஆனால் பலமாக மோதுகின்றது. இவ்விரண்டும் ஒன்றையொன்று சரியாக ஈடுசெய்துவிடுகின்றன. அதனால், வெப்பநிலை ஒன்றாக இருக்கும்வரை, அழுத்தம் மூலக்கூறுகளின் எண்ணிக்கையை மட்டுமே பொறுத்தது. அவை எந்த வாயுவைச் சேர்ந்தவை என்பதைப் பொறுத்ததன்று.

எனவே, இவ்விசையை நேராக அளக்கும் மானி எதுவாயினும் அது வாயுக்களிடையே வேற்றுமை பாராட்டாது. 1643-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டில் டாரிசெல்லி வகுத்த பாதரசப் பாரமானி அத்தகையது. காற்றின் விசை பாதரசத்தை 760 மில்லிமீட்டர் உயரத்திற்குத் தாங்கி நிறுத்துவதை அவருடைய ஆராய்ச்சி காட்டியது. இந்த 760 பங்கில் ஒரு பங்கையே அவர் பெயரால் ஒரு டார் என்று வழங்குகின்றோம். இன்று பன்னாட்டு அளவை முறையில் பாஸ்கல் என்னும் அலகு வழங்குகின்றது. ஒரு டார் என்பது ஏறத்தாழ 133 பாஸ்கல். 1874-இல் மெக்லியாட் என்னும் ஆங்கிலேய அறிஞர் வகுத்த மானியும் நேராக அளக்கும் வகையைச் சேர்ந்ததே. அதில், மிகத் தாழ்ந்த அழுத்தத்திலுள்ள வாயுவில் ஒரு பெரும் பகுதியைப் பிடித்து, அதைப் பாதரசத்தால் நெருக்கி, ஒரு நுண்குழலுக்குள் அடக்குவர். பருமன் எத்தனை மடங்கு குறைந்ததோ அத்தனை மடங்கு அழுத்தம் மிகுந்துவிடுவதால், பாதரச மட்டங்களின் வேற்றுமையைக் கண்ணால் காணலாம். பாயில் விதியைக் கொண்டு முதலில் இருந்த அழுத்தத்தைக் கணக்கிட்டுவிடலாம். இதில் ஒரு குறையும் உண்டு. கலத்தினுள் நீராவி இருந்தால், நெருக்கும்போது அது நீராக மாறிவிடும். மானி அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மெல்லிய உலோகத் தகடு ஒன்று அழுத்தத்தால் வளைவதை மின்முறையில் அளக்கும் மென்தகட்டு மானியும் இன்று பெரிதும் பயன்படுகின்றது. அதுவும் விசையையே அளப்பதால், நைட்ரஜனையும் ஆர்கானையும் நீராவியையும் ஒரே கண்கொண்டு நோக்குகின்றது.

அவ்வாறாயின், எப்போதும் விசையையே அளந்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். இடர் எங்குள்ளது என்றால், அவ்விசை மிகமிகச் சிறிதாகிவிடுகின்றது. வெளிக்காற்று ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மேல் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடை அளவிற்கு அழுத்துகின்றது. அழுத்தம் ஒரு டாரில் கோடியில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டால், அதே பரப்பின்மேல் விழும் விசை, ஒரு கிராம் எடையில் ஏறத்தாழ 70 இலட்சத்தில் ஒரு பங்கே. இதை எந்தத் தகட்டின் வளைவைக் கொண்டு காண்பது? அதனால்தான் விஞ்ஞானிகள் குறுக்கு வழியொன்றை நாடினர். விசையை அளவாமல், மூலக்கூறுகள் செய்யும் வேறொரு வேலையை அளந்து, அதிலிருந்து அழுத்தத்தை உய்த்துணர்வதே அவ்வழி.

இதனை ஓர் உவமையால் விளக்கலாம். ஒரு திருமண வீட்டில் விருந்து நடைபெற்றது. பந்தியில் எத்தனை பேர் அமர்ந்தனர் என்று எவரும் எண்ணவில்லை. ஆனால், எவ்வளவு சோறு செலவாயிற்று என்பது சமையற்காரருக்குத் தெரியும். ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று முன்பே கணக்கு வைத்திருப்பவர், செலவான சோற்றைக் கொண்டு வந்தவர்களின் தொகையைச் சொல்லிவிடுவார். வந்தவர் யாவரும் வளர்ந்தவர்களாயின் அவர் கணக்குச் சரியாக இருக்கும். பந்தியில் பாதிப்பேர் சிறு குழந்தைகளாயின்? அவர் சொல்லும் தொகை உண்மையைவிடக் குறைந்துபோகும். உழுது களைத்து வந்தவர்களாயின் தொகை கூடிப்போகும். சமையற்காரர் பொய் கூறவில்லை. அவர் அளந்தது சோற்றை, ஆட்களை அன்று.

இத்தகைய மானிகளுள் முதலிடம் பெறுவது பிரானி மானி. மார்செல்லோ பிரானி என்பவர் பெர்லின் நகரில், சீமென்ஸ்–ஹால்ஸ்கே நிறுவனத்தின் மின்விளக்குத் தொழிற்சாலையில் பணிபுரிந்தவர். விளக்குகளிலிருந்து காற்றை நீக்கும்போது வெற்றிடத்தை அளக்க மெக்லியாட் மானியே அக்காலத்தில் துணைசெய்தது. அது கண்ணாடியால் ஆனது, பாதரசம் நிறைந்தது, எளிதில் உடைவது. ஒவ்வொரு முறையும் கையால் இயக்கினாலன்றி விடை தராதது. தானாகவே இடைவிடாது அளவைக் காட்டும் மானியொன்று வேண்டும் என்று கருதிய பிரானி, 1906-இல் அதனை வகுத்து வெளியிட்டார்.

அதன் அமைப்பு மிக எளிது. கலத்தோடு இணைந்த ஒரு குழாயினுள் மெல்லிய உலோகக் கம்பி ஒன்று நீட்டப்பட்டிருக்கும். மின்சாரத்தால் அது சூடேற்றப்படும். சுற்றியுள்ள மூலக்கூறுகள் கம்பியின்மேல் மோதி, சிறிது வெப்பத்தைப் பெற்றுக்கொண்டு, குளிர்ந்த சுவருக்குச் சென்று அதைக் கொடுத்துவிடும். மூலக்கூறுகள் மிகுதியானால் கம்பி அதிகமாகக் குளிரும். குறைந்தால் கம்பியின் சூடு நிலைக்கும். உலோகத்தின் மின்தடை வெப்பநிலையோடு மாறுவதாதலால், கம்பியின் மின்தடையை அளந்தால் வெப்ப இழப்பு தெரியும். வெப்ப இழப்பு தெரிந்தால் மூலக்கூறுகளின் நெருக்கம் தெரியும். ஒரு டாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் சில டார் வரை இம்முறை நன்கு பயன்படுகின்றது.

இப்போது உவமையை நினைவுகூருங்கள். பிரானி மானி அளப்பது சோற்றை, அதாவது கம்பி இழந்த வெப்பத்தை. எல்லா மூலக்கூறுகளும் வெப்பத்தை ஒரே அளவாக எடுத்துச் செல்வதில்லை. இலேசான மூலக்கூறு வேகமாக ஓடுவதால், ஒரு வினாடியில் பல முறை கம்பிக்கும் சுவருக்கும் இடையே வெப்பத்தைச் சுமந்து செல்ல வல்லது. இரண்டு அணுக்கள் இணைந்த மூலக்கூறு ஓடுவதோடு சுழலவும் செய்வதால், ஒற்றை அணுவைவிட மிகுதியான ஆற்றலைத் தாங்கிச் செல்லும். இவையேயன்றி, கம்பியின்மேல் பட்டவுடன் எவ்வளவு வெப்பத்தை ஏற்றுக்கொள்கின்றது என்பதும் வாயுவுக்கு வாயு வேறுபடும். ஹைட்ரஜனும் ஹீலியமும் கம்பியைத் தொட்டவுடன் துள்ளி விலகிவிடுவதால், கொள்ளத்தக்க முழு வெப்பத்தையும் கொள்ளாமலே நீங்குகின்றன.

இவையனைத்தும் கூடிய முடிவு இதுவே. தாழ்ந்த அழுத்தங்களில், நைட்ரஜனுக்காக அளவு குறிக்கப்பட்ட பிரானி மானியை ஹைட்ரஜனில் வைத்தால், அது உண்மையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு காட்டும். ஹீலியத்தில் ஏறத்தாழ 1.25 மடங்கு காட்டும். ஆர்கானிலோ ஏறத்தாழ 0.6 மடங்கே காட்டும். செனான் என்னும் கனத்த வாயுவில் மூன்றில் ஒரு பங்கையே காட்டும். ஆகவே, ஆர்கானில் மானி கூறும் எண்ணை 1.7 ஆல் பெருக்கியும், ஹைட்ரஜனில் 0.5 ஆல் பெருக்கியும் உண்மையான அழுத்தத்தைப் பெறவேண்டும். இவ்வெண்கள் மானியின் அமைப்புக்கேற்பச் சிறிது வேறுபடுமாதலால், மானியோடு வரும் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

ஆர்கான் வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை என்னும் இதே குணம் மின்விளக்கில் வரவேற்கப்பட்டது. 1913-இல் அமெரிக்க அறிஞர் லாங்மூர் வாயு நிரப்பிய விளக்கை வெளியிட்டார். முதலில் நைட்ரஜனும், பின்னர் பெரும்பாலும் ஆர்கானும் அதில் நிரப்பப்பட்டன. இழையின் வெப்பம் வீணாகாமல் காத்தது ஆர்கான். விளக்கில் வெப்பத்தைக் காத்துத் தரும் அவ்வாயுவே, மானியில் தன் அளவைக் குறைத்துக் காட்டி நம்மை ஏமாற்றுகின்றது.

இவ்வேமாற்றம் வெறும் கணக்குப் பிழையோடு நின்றுவிடாத இடமும் உண்டு. இங்கு நீங்கள் கருத்தூன்றிக் கேட்க வேண்டும். அழுத்தம் சில டார்களுக்கு மேற்பட்டுவிட்டால், வாயு கடத்தும் வெப்பம் அழுத்தத்தைப் பொறுத்து மாறாது என்பது 19-ஆம் நூற்றாண்டில் மாக்ஸ்வெல் கண்ட உண்மை. மூலக்கூறுகள் மிகுந்தாலும், அவை ஒன்றோடொன்று மோதி வழிமறித்துக்கொள்வதே இதற்குக் காரணம். ஆதலால், உயர்ந்த அழுத்தங்களில் கம்பியின் வெப்ப இழப்பு மிக மெல்லவே கூடும். சூடான வாயு மேலெழுந்து குளிர்ந்த வாயு கீழிறங்கும் ஓட்டத்தைத் துணைக்கொண்டு, வெளிக்காற்றின் அழுத்தம் வரை அளக்குமாறு அமைக்கப்பட்ட வெப்பமானிகள் இன்று மிகுதியாக வழங்குகின்றன. இத்தகைய மானியை நைட்ரஜனுக்கு அளவு குறித்துவிட்டு, கலத்தில் ஆர்கானை நிரப்புவதாகக் கொள்வோம். ஆர்கான் முழுமையாக 760 டார் நிரம்பிய பின்னும், கம்பி இழக்கும் வெப்பம் சிறிதளவே. நைட்ரஜனாயின் அவ்வளவு வெப்பத்தை இழக்க ஏறத்தாழ 24 டார் அழுத்தமே போதும். எனவே, மிகுதியாக வழங்கும் இவ்வகை மானியொன்றின் முகப்பில் தோன்றும் எண் 24 தான்.

இதன் விளைவைச் சிந்தித்துப் பாருங்கள். முகப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவர், கலம் நிரம்ப இன்னும் நெடுந்தூரம் உள்ளது என்று எண்ணுவார். 760 என்னும் எண் தோன்றும்வரை ஆர்கான் உருளையின் திருகைத் திறந்தே வைத்திருப்பார். கலத்தினுள் அழுத்தம் வெளிக்காற்றைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என ஏறிச்செல்லும். முகப்பிலுள்ள எண்ணோ சிறிதே அசையும். வெற்றிடக் கலங்கள் வெளியிலிருந்து உள்நோக்கி வரும் அழுத்தத்தைத் தாங்குமாறு செய்யப்பட்டவை. உள்ளிருந்து வெளிநோக்கி வரும் அழுத்தத்திற்கு உரியவை அல்ல. அதில் ஒரு கண்ணாடிச் சாளரம் இருந்தால் அது வெடித்துச் சிதறும். எதிரில் நிற்பவரின் கண்ணும் உயிரும் இடருக்குள்ளாகும். ஆதலால்தான், வாயு நிரப்பும் கலங்களில் விசையை நேராக அளக்கும் மானியொன்றும், அழுத்தம் எல்லைமீறினால் தானே திறந்துகொள்ளும் காப்புத் திறப்பானொன்றும் கட்டாயம் இருத்தல் வேண்டும் என்று வற்புறுத்தப்படுகின்றது.

இனி, பிரானி மானியால் எட்ட முடியாத ஆழ்ந்த வெற்றிடத்திற்குச் செல்வோம். அங்கு மூலக்கூறுகள் கொண்டுசெல்லும் வெப்பம் மிகச் சிறிது. கம்பி ஒளிவீசி இழக்கும் வெப்பமும், அதைத் தாங்கும் முனைகளின் வழியே ஒழுகும் வெப்பமும் அதை மறைத்துவிடுகின்றன. அவ்விடத்தில் பயன்படுவது அயனி மானி. 1916-இல் அமெரிக்காவில் பக்லி என்பவர் இதனை வகுத்தார். இதில் காய்ந்த இழை ஒன்று எலெக்ட்ரான்களை உமிழும். 150 வோல்ட்டு அளவிலான நேர்மின்னழுத்தம் பெற்ற கம்பிச்சுருள் ஒன்று அவற்றை விரைந்து இழுக்கும். செல்லும் வழியில் அவை வாயு மூலக்கூறுகளோடு மோதி, அவற்றிலிருந்து ஓர் எலெக்ட்ரானைத் தட்டிவிடும். எலெக்ட்ரானை இழந்த மூலக்கூறு நேர்மின்னூட்டம் பெற்ற அயனியாகி, எதிர்மின்னழுத்தமுள்ள வேறொரு கம்பியைச் சென்று சேரும். அக்கம்பியில் ஓடும் நுண்மின்னோட்டத்தை அளந்து, மூலக்கூறுகளின் நெருக்கத்தை அறிகின்றோம். 1950-இல் பேயர்டு, ஆல்பர்ட் என்னும் இருவர் அயனிகளை வாங்கும் தகட்டை நீக்கிவிட்டு, அதற்குப் பதிலாக நடுவில் ஒரு மெல்லிய கம்பியை வைத்தனர். அதன்பின், ஒரு டாரில் பத்துக் கோடியில் ஒரு பங்கிற்கும் கீழே செல்லும் அழுத்தங்களை அளக்க வழி பிறந்தது.

அயனி மானியும் அழுத்தத்தை அளப்பதன்று; அது எலெக்ட்ரானை இழந்த மூலக்கூறுகளை எண்ணுவது. கோயிலினுள் எத்தனை பேர் உள்ளனர் என்பதை, வாசலில் கழற்றி விடப்பட்ட செருப்புகளை எண்ணிச் சொல்வது போன்றது இது. வெறுங்காலோடு வந்தவர் கணக்கில் சேர்வதில்லை. அதுபோலவே, எலெக்ட்ரான்களை இறுகப் பற்றி வைத்திருக்கும் அணு எளிதில் கணக்கில் சேர்வதில்லை. ஹீலியம் அணுவில் இருப்பவை 2 எலெக்ட்ரான்களே. அவற்றுள் ஒன்றைப் பிரிக்க 24.6 எலெக்ட்ரான் வோல்ட்டு ஆற்றல் வேண்டும். வேறெந்தத் தனிமத்தின் அணுவும் தன் முதல் எலெக்ட்ரானை இவ்வளவு இறுகப் பற்றியிருப்பதில்லை. செனான் அணுவிலோ 54 எலெக்ட்ரான்கள் உள்ளன. புறத்தேயுள்ளதைப் பிரிக்க 12.1 எலெக்ட்ரான் வோல்ட்டு போதும். ஆகவே, நைட்ரஜனில் மானியின் உணர்திறனை 1 என்று கொண்டால், ஹீலியத்தில் அது ஏறத்தாழ 0.18, நியானில் 0.30; ஹைட்ரஜனில் 0.46, ஆர்கானில் 1.3, கரியமில வாயுவில் 1.4, செனானில் 2.9. பொதுவாக, மூலக்கூறில் எலெக்ட்ரான்கள் மிகுந்தால் மானியின் உணர்திறனும் மிகுகின்றது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வெண்களைக் கையாளும் முறையை ஒரு கணக்கால் காண்போம். ஹீலியம் மட்டுமே உள்ள கலத்தில் அயனி மானி, ஒரு டாரில் பத்து இலட்சத்தில் 1.8 பங்கு என்று காட்டுவதாகக் கொள்வோம். அதை 0.18 ஆல் வகுத்தால் 10 வரும். எனவே உண்மையான அழுத்தம் பத்து இலட்சத்தில் 10 பங்கு, அதாவது இலட்சத்தில் ஒரு பங்கு. மானி கூறியது உண்மையில் ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைவு! ஹீலியத்தை உட்செலுத்துவதற்கு முன்பே கலத்தில் சிறிது காற்று எஞ்சியிருந்தால், அப்போது மானி காட்டிய எண்ணை முதலில் கழித்துவிட்டு, மிஞ்சியதையே 0.18 ஆல் வகுத்தல் வேண்டும். எஞ்சிய காற்றுக்கு ஹீலியத்தின் கணக்கைப் பொருத்துவது முறையாகாது.

இரண்டு மானிகளின் எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஹைட்ரஜனைப் பிரானி மானி இரு மடங்காக்கிக் காட்டுகின்றது; அயனி மானி பாதிக்கும் குறைவாக்கிக் காட்டுகின்றது. ஹீலியத்தைப் பிரானி மானி கூட்டியும், அயனி மானி மிகக் குறைத்தும் காட்டுகின்றன. ஆர்கானில் நிலைமை தலைகீழ்: பிரானி மானி குறைத்தும், அயனி மானி கூட்டியும் காட்டுகின்றன. ஒன்று இலேசான வாயுவிடம் பரிவு கொண்டது. மற்றொன்று எலெக்ட்ரான் மிகுந்த வாயுவிடம் பரிவு கொண்டது. இவ்விரு மானிகளையும் ஒரே உறையில் இணைத்து, அழுத்தம் தாழ்ந்தவுடன் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தானாக மாறும் கருவிகள் இன்று உள்ளன. நைட்ரஜன் அல்லாத வாயு உள்ளே இருக்கும்போது, அவ்வாறு மாறும் இடத்தில் முகப்பிலுள்ள எண் திடீரெனத் தாவக் கூடும். அழுத்தம் தாவவில்லை, அளப்பவர் மாறினார், அவ்வளவே.

குறையென்று இதுகாறும் கூறிய இக்குணத்தையே கருவியாக்கிக் கொண்டவர்களும் உளர். கலத்தில் நுண்ணிய ஓட்டை ஒன்று இருக்கின்றது. அது எங்குள்ளது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. அப்போது, கலத்தின் புறத்தே ஐயத்திற்குரிய இணைப்புகளின்மேல் ஹீலியத்தை மெல்ல வீசுவர். அல்லது சிறிது சாராயத்தைத் தடவுவர். ஓட்டையுள்ள இடத்தில் அது பட்டவுடன், உள்ளே காற்று புகுந்த வழியில் இப்புதிய வாயு புகும். மானி அதை வேறு அளவாக உணர்வதால் முள் சட்டென அசையும். மானி எல்லா வாயுக்களையும் ஒன்றாகவே பாவித்திருந்தால் இவ்வுதவி நமக்கு இவ்வளவு எளிதிற் கிட்டியிராது.

மருந்துத் தொழிலில் இதனினும் அழகிய பயன் ஒன்று உண்டு. தடுப்பு மருந்துகளையும் குருதியிலிருந்து பிரித்த பொருள்களையும் கெடாமல் வைக்க, அவற்றை உறையவைத்து, வெற்றிடத்தில் வைத்து உலர்த்துவர். பனிக்கட்டி நீராகாமலே நேரே ஆவியாகி வெளியேறும். உலர்த்தல் எப்போது முடிந்தது என்பதை அறிவது எப்படி? முடியுமுன் கலத்தைச் சூடேற்றினால் மருந்து உருக்குலையும். முடிந்தபின்னும் காத்திருந்தால் காலமும் பொருளும் வீணாகும். ஆகவே கலத்தில் மென்தகட்டு மானி ஒன்றையும் பிரானி மானி ஒன்றையும் சேர்த்தே பொருத்துவர். பனிக்கட்டி இருக்கும்வரை கலத்தில் நீராவியே நிறைந்திருக்கும். நீராவி வெப்பத்தை நைட்ரஜனைவிட மிகுதியாகக் கடத்துவதால், பிரானி மானி மென்தகட்டு மானியைப்போல் ஏறத்தாழ 1.6 மடங்கு காட்டும். பனிக்கட்டி தீர்ந்தவுடன் நீராவி குறைந்து, கலத்தில் நைட்ரஜனோ காற்றோ மிஞ்சும். அப்போது பிரானி மானியின் எண் இறங்கி, மற்றதன் எண்ணோடு வந்து ஒன்றும். இரு மானிகளும் ஒத்துப்போகும் அந்நேரமே உலர்ந்தது என்பதற்கு அடையாளம். விசையை அறிந்த மானி ஒன்று, வெப்பத்தை அறிந்த மானி ஒன்று. இரண்டின் வேற்றுமையே உள்ளிருக்கும் வாயு இன்னது என்று உரைக்கின்றது.

மாணவ நண்பர்களே! ஆய்வுக்கூடத்தில் வெற்றிடமானியின் முன் நிற்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இம்மானி உண்மையில் எதை அளக்கின்றது: விசையையா, வெப்பத்தையா, அயனிகளையா? இதற்கு எந்த வாயுவைக் கொண்டு அளவு குறித்துள்ளனர்? கலத்தினுள் இப்போது இருப்பது எந்த வாயு? பெரும்பாலும் இரண்டாம் கேள்விக்கு விடை, நைட்ரஜன் அல்லது காற்று என்றே இருக்கும். மூன்றாவது கேள்விக்கு விடை காண்பதுதான் கடினம். ஏனெனில், வெற்றிடம் ஆழ ஆழ உள்ளிருக்கும் வாயு காற்றாக இருப்பதில்லை. தொடக்கத்தில் சுவர்களில் ஒட்டியிருந்த நீராவி மிகுந்திருக்கும். சூடேற்றித் தூய்மை செய்யப்பட்ட எஃகுக் கலத்தில், மிக ஆழ்ந்த வெற்றிடத்தில், பெரும்பாலும் எஞ்சுவது உலோகத்தினுள்ளிருந்து கசியும் ஹைட்ரஜனே. அங்கு அயனி மானி கூறும் எண்ணைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு அழுத்தம் உள்ளது என்று கொள்ளுதல் வேண்டும். வாயுக்களின் கலவையாயின், அவற்றை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் கருவியின் துணையின்றித் துல்லியமான விடை கூறுதல் அரிது.

வாயு இன்னதென்று தெரியாதபோது செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. உங்கள் குறிப்பேட்டில் எண்ணை எழுதி, அதனருகில் மானியின் வகையையும் குறித்து, "நைட்ரஜன் அளவில்" என்னும் இரு சொற்களையும் சேர்த்து எழுதிவிடுங்கள். பின்னர் அக்குறிப்பைப் படிப்பவர், வாயு இன்னது என்று அறிந்தவுடன், தக்க எண்ணால் பெருக்கியோ வகுத்தோ உண்மையை அடைந்துவிடுவார். அவ்விரு சொற்கள் விடுபட்டுப்போன குறிப்போ, எத்தனை தசம இலக்கங்களோடு எழுதப்பட்டிருந்தாலும், அவருக்குப் பயன்படாது. ஆர்கான் உருளையின் திருகைத் திறக்கும் நாளிலோ, முகப்பிலுள்ள எண்ணை மட்டும் நம்பாமல், விசையை அளக்கும் மானி ஒன்று கலத்தில் உள்ளதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.